கொடுத்த வாக்கும் கொள்ளாத மனமும்

"இவ்விருவரும் மணந்துகொள்வதற்குத் தடை ஏதேனும் இருப்பதாக யாருக்காவது தெரியுமானால் இப்போதே சொல்லிவிடலாம்" என்று பாதிரியார் கேட்கிறார். இங்கிலாந்தின் மாதா கோயில்களில் நடக்கும் கல்யாணங்களில் வழக்கமாகக் கேட்கப்படுகிற கேள்வி இது. நம் பக்கத்திலே அந்த நேரத்தில் அபசகுனமான சொல் எதுவும் காதில் விழுந்துவிடக் கூடாதென்று கெட்டிமேளம் கொட்டச் சொல்லுகிறோம். அவர்களோ ஊரைக் கூட்டி நிறுத்தி, "அபசகுனம் ஏதாவது உண்டா?" என்று வாய் திறந்தே கேட்கிறார்கள். யாரும் பதில் சொல்வதில்லை; பாதிரியாரும் எதிர்பார்ப்பதில்லை.

இந்த ஒரு கல்யாணத்தில் மட்டும் யாரோ தட்டுகிற சப்தம் கேட்கிறது. மாப்பிள்ளையின் சகோதரன். அவனுக்குக் காது கேளாது. கைச் சைகையினால்தான் பேசுவான். அந்தச் சைகையைச் சபைக்கு விளங்கச் சொல்ல வேண்டியவன் மாப்பிள்ளைதான். 'மாப்பிள்ளையின் மனம் வேறொருத்தியிடம் இருப்பதாகச் சந்தேகப்படுகிறேன்' என்கிறது சைகை. மாப்பிள்ளை தன் மேல் சுமத்தப்பட்ட குற்றத்தைத் தன் வாயாலேயே எடுத்துச் சொல்லுகிறான். "அப்படித்தானா?" என்று பாதிரியார் கேட்க, "ஆமாம்" என்கிறான். மணமகன் மணமகளைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று உலகம் காத்திருக்கிற அதே இரண்டு ஆங்கிலச் சொற்கள்தாம் அந்த 'ஆமாம்'. மறுகணம் மணப்பெண்ணின் முஷ்டி அவன் முகத்தில் விழுகிறது.

'ஃபோர் வெட்டிங்ஸ் அண்ட் எ ஃப்யூனரல்' என்ற படத்தில் வரும் காட்சி இது. நான்கு கல்யாணங்களும் ஒரு சாவும் என்று பொருள். 1994-ல் வெளிவந்தது. ரிச்சர்ட் கர்ட்டிஸ் எழுத, மைக் நியூவெல் டைரக்ட் செய்தார். பிரிட்டிஷ் காதல் நகைச்சுவைப் படங்களிலே சிறு செலவில் எடுக்கப்பட்டு உலகமெங்கும் ஓடிய படம். ஹ்யூ கிராண்ட் என்ற நடிகரை ஒரே வருஷத்தில் உலகப் புகழுக்குக் கொண்டுபோன படம். முஷ்டி விழுந்ததும் தியேட்டரில் எல்லோரும் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்புக்குப் பிறகும் ஒரு கேள்வி தங்கி நிற்கிறது: சார்லஸ் என்ற அந்த மாப்பிள்ளை செய்தது நியாயமா?

நியாயந்தான் என்று சொல்லுகிறவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். மனத்தில் இல்லாத அன்பை வாயால் சத்தியம் செய்து கொடுப்பது ஒரு பெண்ணுக்கு ஆயுள் முழுவதும் செய்கிற வஞ்சனை. ஒரு நாள் அவமானத்தோடு அவளை விட்டது கருணை. அநியாயம் என்பவர்களுக்கும் வலுவான பேச்சு உண்டு. வாக்கு என்று ஒன்றை மனிதன் கண்டுபிடித்ததே மனம் மாறும் என்பதற்காகத்தான். மாறாத மனம் இருந்தால் வாக்கு எதற்கு? மனம் மாறியது என்பதையே காரணமாகக் காட்டி வாக்கை முறிப்பவன், மழை பெய்கிறது என்று சொல்லிக் குடையை மடக்கிக்கொள்பவனைப் போன்றவன்.

இங்கிலாந்து இந்த விவகாரத்தை நெடுங்காலம் கோர்ட்டுக்கே விட்டிருந்தது. கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லிவிட்டுப் பின்வாங்கியவன் மேல் நஷ்டஈட்டு வழக்குத் தொடரலாம். டிக்கன்ஸின் பிக்விக் கதையில் அந்த அப்பாவிக் கிழவர் மேல் வீட்டுக்காரி பார்டெல் அம்மாள் இத்தகைய வழக்கைத்தான் போடுகிறாள். அவர் வாக்கே கொடுக்கவில்லை. இருந்தும் ஜூரிகள் 750 பவுன் தீட்டிவிடுகிறார்கள். பிக்விக் கட்ட மறுத்துக் கடன்காரர் சிறைக்குப் போகிறார். 1875-ல் கில்பர்ட்டும் சல்லிவனும் 'டிரையல் பை ஜூரி' என்ற சின்ன இசை நாடகத்தில் இதே வழக்கைக் கேலி செய்தார்கள். அதில் யாருக்கும் தீர்ப்புச் சொல்லத் தெரியாமல் போகவே, நீதிபதியே அந்தப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு வழக்கை முடித்துவிடுகிறார்! 1971-ம் ஆண்டு பிறந்தபோது இங்கிலாந்தில் அந்த வழக்குரிமையே எடுபட்டுப் போயிற்று. அதற்கான சட்டம் முந்திய ஆண்டில் நிறைவேறியது. ஆகவே 1994-ல் மணமேடையில் நின்ற ஹென்ரியட்டாவுக்குக் கோர்ட் இல்லை. முஷ்டி மட்டுமே இருந்தது.

சட்டம் விலகிக்கொண்டதில் நியாயம் இருக்கிறது. விருப்பமில்லாத மனத்தை நஷ்டஈட்டுப் பயம் காட்டி மேடையேற்றுவதில் யாருக்கும் லாபமில்லை. ஆனால் சட்டம் விட்டுவிட்ட கடன் கடன் இல்லாமல் போய்விடுமா?

ஒரு வேடிக்கை. சார்லஸாக வந்து வாக்கை முறித்த அதே ஹ்யூ கிராண்ட் மறு வருஷமே, வாக்கைக் காப்பாற்றுவதற்காகத் தன் வாழ்க்கையையே முறித்துக்கொள்ளத் துணிந்த மனிதனாக நடித்தார். ஜேன் ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவல் 1995-ல் படமாயிற்று. எம்மா தாம்ஸன் திரைக்கதை எழுதி, கதாநாயகி எலினராகவும் நடித்தார். ஆங் லீ டைரக்ட் செய்தார். அதில் எட்வர்ட் பெரர்ஸ் என்ற கூச்ச சுபாவமுள்ள மனிதனுக்கு எலினர் மேல் உயிர். ஆனால் விவரம் தெரியாத வயதில் லூசி என்ற பெண்ணுக்கு ரகசியமாக வாக்குக் கொடுத்துவிட்டான். லூசி மேல் இப்போது அவனுக்கு அன்பில்லை. ரகசியம் வெளிப்பட்டதும் அவன் தாய், "அவளை விடு, இல்லாவிட்டால் சொத்தில் ஒரு காசு கிடையாது" என்கிறாள். எட்வர்ட் சொத்தை விடுகிறான், சொல்லை விடவில்லை. எலினரோ, தான் காதலிக்கிறவன் இன்னொருத்திக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறான் என்பதற்காகவே அவனை இன்னும் அதிகமாக மதிக்கிறாள். அவன் வாக்கை முறித்துக்கொண்டு தன்னிடம் ஓடி வந்திருந்தால் அவளால் பழைய மரியாதையோடு அவனைப் பார்த்திருக்க முடியுமா என்பது சந்தேகந்தான். இது எவ்வளவு கடினமான இடம் என்பதை அனுபவித்துத்தான் உணர வேண்டும்.

இந்தக் கதையை நம்மவர்களும் எடுத்தார்கள். 2000-ல் ராஜீவ் மேனன் எடுத்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' ஆஸ்டினின் நாவலைத் தழுவியதுதான். அஜீத் நடித்த பாத்திரத்துக்குத் தடையாக நின்றது பழைய வாக்கு அல்ல; சினிமா டைரக்டர் ஆன பிறகே கல்யாணம் என்ற லட்சியம். கதை கடல் தாண்டி வரும்போது லூசி வழியிலேயே இறங்கிவிட்டாள். படத்தை நான் குறை சொல்லவில்லை. ரசிகர்கள் நன்றாகவே ரசித்த படம். ஆயினும் மூலக்கதையின் முள் அந்த லூசிதான்.

அந்த முள்ளை ஆஸ்டினே கடைசியில் எடுத்துவிடுகிறார் என்பதையும் சொல்ல வேண்டும். சொத்தெல்லாம் எட்வர்டின் தம்பி ராபர்ட்டுக்குப் போனதும் லூசியும் சொத்தோடு கூடவே போய் ராபர்ட்டை மணந்துகொள்கிறாள். எட்வர்டுக்கு விடுதலை. வாக்கும் பிழைத்தது, காதலும் பிழைத்தது. எட்வர்ட் லூசியைக் கைப்பிடித்து, அன்பில்லாத வீட்டில் முப்பது வருஷம் காலம் தள்ளுவதை எழுத ஆஸ்டினுக்குத் தைரியம் இல்லை என்று சிலர் சொல்லலாம். அவர் எழுதியது நகைச்சுவை. அதற்குரிய தர்மத்தை அவர் காப்பாற்றினார்.

ஆனால் இந்தக் கேள்வி அவருக்கு ஏட்டுக் கேள்வி அன்று. 1802 டிசம்பர் மாதம், அவருக்கு இருபத்தேழு வயது ஆகப் போகிற சமயம், ஹாம்ப்ஷயரில் மானிடவுன் என்ற பெரிய வீட்டில் தங்கியிருந்தபோது, அந்த வீட்டின் வாரிசான ஹாரிஸ் பிக்-விதர் அவரை மணக்கக் கேட்டார். ஆஸ்டின் சம்மதித்தார். கையில் பணமில்லாத ஒரு பாதிரியாரின் மகளுக்கு அந்தச் சம்மதத்தின் மதிப்பு என்ன என்பதை விவரிக்க வேண்டியதில்லை. மறுநாள் காலையில் சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அங்கிருந்து புறப்பட்டுவிட்டார். கடைசி வரையில் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. வாக்கைக் காப்பாற்றுகிற எட்வர்டை உலகத்துக்குக் கொடுத்த நாவல் 1811-ல் வெளிவந்தபோது, அதை எழுதியவர் ஒரே இரவில் வாக்கை முறித்தவராக இருந்தார்!

முரண்பாடு என்று நான் நினைக்கவில்லை. அந்த ஓர் இரவு என்ற கணக்கைத்தான் கவனிக்க வேண்டும். வாக்குத் தவறுவது கடன் என்றால், அதற்கு வட்டி உண்டு. மறுநாள் காலையில் சொல்லிவிட்டால் ஒருவருக்கு மனவருத்தம், ஒரு வீட்டில் சங்கடம். வருஷக்கணக்கில் அடக்கி வைத்தால் ஒரு பெண்ணின் இளமை அதில் கரைகிறது. அழைப்பு அச்சாகி, ஊர் கூடி, வெள்ளை உடை உடுத்தி நின்ற பிறகு சொன்னால் வட்டி முதலை விழுங்கிவிடுகிறது. சார்லஸ் மேடையில் சொன்ன 'ஆமாம்' குற்றமே இல்லை. அவன் குற்றம் அதற்கு முந்திய மாதங்களில் இருக்கிறது. காதலித்தவள் வேறொருவனை மணந்துகொண்டாள். நண்பர்களில் மூத்தவர் இறந்துபோனார். தனியாக நின்றுவிடுவோமோ என்ற பயத்தில், பழைய சிநேகிதியாகிய ஹென்ரியட்டாவிடம் போய் நின்றான். இதில் கொடுமை என்னவென்றால், இவன் ஒருத்தி பின் ஒருத்தியாகப் பெண்களைத் தேடுகிறானே தவிர யாரையும் மனத்துக்குக் கிட்டே விடுவதில்லை என்று படத்தின் முற்பகுதியிலேயே அவனிடம் நேருக்கு நேர் அழுதுகொண்டு சொன்னவள் அந்த ஹென்ரியட்டாதான். வியாதியைக் கண்டுபிடித்தவளே அதற்குப் பலியானாள்.

இவ்வளவும் தெரிந்தும் நாம் சார்லஸை வெறுப்பதில்லை. ஏன்? இங்கேதான் நடிகரின் முகம் வந்து நியாயத்தின் தராசில் விரல் வைக்கிறது. ஹ்யூ கிராண்ட் பேசும்போது தடுமாறுவார். வாக்கியத்தைத் தொடங்கி, விட்டு, மன்னிப்புக் கேட்டு, மறுபடி தொடங்குவார். நெற்றியில் விழும் மயிர், தாழ்ந்த கண்கள். இப்படித் தடுமாறுகிறவன் பொய் சொல்ல மாட்டான் என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றிவிடுகிறது. சரளமாகப் பேசுகிறவனைச் சந்தேகிக்கிறோம், திக்குகிறவனை நம்புகிறோம். ஆனால் சொல்லை முடிக்காமலே இருப்பது, சொல்லுக்குக் கட்டுப்படாமல் இருப்பதற்கும் நல்ல வழி அல்லவா? முடிக்காத வாக்கியத்தின் மேல் எந்தக் கோர்ட்டிலும் வழக்குப் போட முடியாது.

கிராண்டே இதைத் தெரிந்துவைத்திருந்தார் போலும். 2001-ல் வந்த 'பிரிட்ஜெட் ஜோன்ஸின் டைரி'யில் டேனியல் கிளீவர் என்ற ஆபீஸ் மேலதிகாரியாக வருகிறார். அதே சிரிப்பு, அதே குறும்பு. உள்ளே மட்டும் ஆள் வேறு. தன்னுடைய துரோகத்தைத் தன் நண்பன் மார்க் டார்ஸி செய்ததாக மாற்றிச் சொல்லி ஒரு பெண்ணை நம்ப வைக்கிறான் கிளீவர். டார்ஸியாக வரும் காலின் ஃபர்த்தோ சிரிக்கவே தெரியாதவர் போல் விறைத்து நிற்கிறார். 1995-ல் பி.பி.சி. எடுத்த 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' தொடரில் அசல் டார்ஸியாகவே நடித்தவர் அவர். விறைப்பானவன் நல்லவன், இனிமையானவன் பொய்யன் என்று இங்கே கணக்குத் திரும்புகிறது. முகம் ஒன்றுதான், சார்லஸுக்கு மன்னிப்பையும் கிளீவருக்குக் கண்டனத்தையும் நாம் எந்த ஆதாரத்தில் வழங்கினோம் என்று யோசித்தால் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருக்கும். போகிற போக்கில் இன்னொன்று: அந்த பி.பி.சி. தொடரில் டார்ஸியை அடைய ஆசைப்பட்டு ஏமாறுகிற கரோலின் பிங்லியாக நடித்தவர் அன்னா சான்ஸலர். ஹென்ரியட்டாவாக நடித்ததும் அவரேதான். அடுத்தடுத்த வருஷங்களில் இரண்டு கதாநாயகர்களிடமும் தோற்ற பெருமை அவருக்கு.

முந்திய தலைமுறையில் பிரிஸ்டலில் பிறந்த இன்னொரு கிராண்ட் இருந்தார் - காரி கிராண்ட். 1958-ல் லண்டனில் எடுத்த 'இண்டிஸ்க்ரீட்' படத்தில் அவர் செய்கிற தந்திரம் அபாரமானது. கல்யாணம் ஆகாதவர், ஆனாலும் தமக்கு ஏற்கனவே மனைவி இருக்கிறாள், விவாகரத்துக் கிடைக்கவில்லை என்று சொல்லிவைத்துவிடுகிறார். யாரும் வாக்குக் கேட்க முடியாதல்லவா? இங்க்ரிட் பெர்க்மன் நடித்த நாடக நடிகை, மனைவியுள்ள மனிதரைக் காதலிப்பதன் பாரத்தையெல்லாம் சுமந்த பிறகு, அந்த மனைவியே பொய் என்று தெரிந்ததும் கொதித்துப் போகிறாள். வாக்கே கொடுக்காமல் இருந்துவிட்டால் துரோகமும் இல்லை என்று நினைக்கிற புத்திசாலிகளுக்கு அந்தக் கோபம் நல்ல பதில்.

இதிலெல்லாம் கஷ்டப்படுகிற மூன்றாம் மனிதரைக் கதை எப்படி நடத்துகிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1945-ல் பவெல், பிரஸ்பர்கர் இருவரும் எடுத்த 'ஐ நோ வேர் ஐயம் கோயிங்' படத்தை எடுத்துக்கொள்ளலாம். ஜோன் என்ற பெண் ஒரு பெரிய பணக்காரரை மணக்க ஸ்காத்லாந்தின் தீவு ஒன்றுக்குப் புறப்படுகிறாள். புயலினால் கடைசிக் கடலைத் தாண்ட முடியாமல் மல் தீவில் தங்க, அங்கே டார்க்வில் என்ற கடற்படை அதிகாரியிடம் மனம் போகிறது. மணக்க வேண்டியிருந்த பணக்காரரைப் படத்தில் நாம் பார்ப்பதே இல்லை! ரேடியோ டெலிபோனில் குரல் மட்டும் கேட்கிறது. முகமில்லாதவனுக்குக் கொடுத்த வாக்கை முறித்தால் நமக்கு வலிப்பதில்லை. சாமர்த்தியமான ஏற்பாடு.

ஆனால் அதே படம் வேறோர் இடத்தில் மிகவும் நேர்மையாக இருக்கிறது. தன் மனம் மாறிவிடுமோ என்ற பயத்தில், எப்படியாவது அக்கரை போய்விட வேண்டும் என்று ஜோன் துடிக்கிறாள். கென்னி என்ற படகுக்காரப் பையனுக்கு 20 பவுன் கொடுத்துப் புயலில் படகை எடுக்கச் சொல்லுகிறாள். அந்தப் பணம் இருந்தால் அவனுக்குக் கல்யாணம் நடக்கும். அவனை மணக்க இருக்கிற பிரிடி ஓடி வந்து, அவன் உயிரைப் பணயம் வைக்க உனக்கு என்ன உரிமை என்று ஜோனிடம் சண்டைக்கு நிற்கிறாள். ஒரு சீமாட்டி தன் வாக்கைக் காப்பாற்றிக்கொள்ள ஓர் ஏழைப் பையன் சுழலில் சாக வேண்டுமா? வாக்கை முறிப்பவர்கள் மட்டுமே பிறருக்குக் கேடு செய்கிறார்கள் என்பதில்லை. வெறிகொண்டு காப்பாற்றுகிறவர்களும் செய்வார்கள். தசரதன் கதை தெரிந்த நமக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

டபிள்யூ. டி. ராஸ் என்ற தத்துவ ஆசிரியர் 1930-ல் எழுதிய ஒரு நூலில் இதைப் பற்றி ஒரு பொருத்தமான கருத்துச் சொல்லியிருக்கிறார். ஒருவருடைய துன்பத்தைத் தீர்ப்பதற்காகக் கொடுத்த வாக்கை முறிக்க நேரலாம். அது சரியான செய்கையாகவே இருக்கலாம். ஆனாலும் முறித்த வாக்கின் கட்டுப்பாடு செத்துப் போவதில்லை. வெட்கப்பட வேண்டியதில்லை, மனம் உறுத்தத்தான் வேண்டும், ஏமாந்தவருக்கு ஏதாவது வகையில் ஈடு செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம் என்கிறார். சரியானதைச் செய்தும் கடன்பட்டிருக்கலாம் என்பதைத்தான் காதல் கதைகள் மறைக்கப் பார்க்கின்றன.

சார்லஸின் கதை எப்படி ஈடு செய்கிறது? அவனும் கேரியும் மழையில் நனைந்துகொண்டு, வாழ்நாள் முழுவதும் கல்யாணம் செய்துகொள்ளாமலே சேர்ந்திருக்க ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள். அதுவும் ஒரு வாக்குத்தான் என்பது அவர்களுக்குத் தெரிந்ததோ இல்லையோ! பிறகு வரிசையாகப் புகைப்படங்கள். ஹென்ரியட்டா ஒரு ராணுவ அதிகாரியை மணந்து சிரித்தபடி நிற்கிறாள். ஒரு வினாடிப் புகைப்படம். கில்பர்ட்டின் நீதிபதி செய்ததையே 119 வருஷம் கழித்துக் காமிராக்காரர் செய்கிறார். அந்த மேடையிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போய் வெள்ளை உடையைக் கழற்றிய பெண்ணின் அன்றைய ராத்திரியை யாரும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் படம் ஓடியிருக்காது என்பது உண்மை. நாவல் எழுதுகிறவனுக்கு மட்டும் அந்த ராத்திரியின் மேலேயே கண் போகிறது.

படத்தின் தலைப்பில் உள்ள ஒரு சாவு காரெத் என்பவருடையது. சைமன் காலோ நடித்தார். சிரிப்பும் கூத்துமாக எல்லாக் கல்யாணங்களையும் கலகலப்பாக்கியவர், கேரியின் கல்யாண விருந்திலேயே மாரடைப்பால் சாய்ந்துவிடுகிறார். அவருடைய உற்ற துணையான மாத்யூ, ஜான் ஹன்னா நடித்தவர், சவ அடக்கத்தின்போது ஆடன் எழுதிய ஓர் இரங்கற்பாவை வாசிக்கிறார். சிரிக்க வந்த கூட்டம் அங்கே வாயடைத்துப் போகிறது. அதன் பிறகுதான் நண்பர்களுக்கே ஒன்று உறைக்கிறது: கல்யாணம் ஆகாத கூட்டம் என்று பெருமை பேசிக்கொண்டிருந்த தங்களுக்கு நடுவிலேயே இரண்டு பேர் இவ்வளவு காலமும் தம்பதியாக வாழ்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காக எந்தப் பாதிரியாரும் தடை உண்டா என்று கேட்கவில்லை. சட்டமே தடையாக இருந்தது. வாக்குக் கொடுக்க அனுமதி இல்லாதவர்கள் சாகிற வரையில் அதைக் காப்பாற்றினார்கள். அனுமதி உள்ளவர்கள் மேடைக்கு மேடை தடுமாறினார்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணந்துகொள்ளச் சட்டம் 2013-ல் வந்தது. முதல் கல்யாணங்கள் 2014 மார்ச்சில் நடந்தன. 2019-ல் ஒரு தர்ம நிதிக்காக அதே கர்ட்டிஸும் நியூவெலும் பழைய நடிகர்களைக் கூட்டி ஒரு குட்டித் தொடர்ச்சி எடுத்தார்கள். அதில் நரைத்துப்போன சார்லஸ் மணப்பெண்ணின் தகப்பனாராக வருகிறார். அவருடைய மகளுக்கும், அந்தக் காலத்தில் அவரைச் சொல்லாமலே காதலித்த பியோனாவின் மகளுக்கும் கல்யாணம்.